தொடக்ககால இஸ்லாமியப் பொன்னெழுத்துச் சுவடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாகப் பழைய குர்ஆன் பிரதிகளின் படங்களைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய், கூட்டங்களில் காட்டிப் பேசி வருகிறேன். எங்கே போனாலும் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை எழுதி, பதிலையும் கீழே தந்திருக்கிறேன். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உள்ள காலம்தான் இங்கே முக்கியமாக வருகிறது. பிற்கால முகலாய, பாரசீக ஓவியச் சுவடிகள் வேறு கதை.

"இல்லுமினேட்டட்னா என்ன? படம் போட்ட புத்தகமா?"

படம் போட்ட புத்தகம் வேறு, இது வேறு. பொன்னாலும் வண்ணத்தாலும் பக்கத்தை ஒளிரவைப்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. அரபியில் 'தத்ஹீப்' என்பார்கள். 'தஹப்' என்றால் தங்கம். தலைப்புப் பட்டை, ஓர வட்டம், ஆயத்து (குர்ஆன் வசனம்) முடியும் இடத்தில் சிறு பூ, புத்தகம் தொடங்குமுன் பக்கம் முழுக்க விரியும் கட்டங்கள் எல்லாம் இதில் அடங்கும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கங்களில் அழகுக்காகவே சேர்த்தது என்று நாம் நினைக்கும் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு பொன் துளியையும் பார்த்து, 'ஓதுபவருக்கு நீ என்ன உதவி செய்கிறாய்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்கும்.

"எதுல எழுதினாங்க? காகிதமா, ஓலையா?"

தோலில். ஆடு, செம்மறி, கன்று ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். செருப்புத் தோல்போலப் பதனிடுவதில்லை. இழுத்த நிலையிலேயே உலர்வதால் வெளிறி, விறைப்பான தாளாகிவிடும்.

பெரிதாக்கிய படத்தில் இதை நீங்களே பார்க்கலாம். தோலின் மயிர்ப்பக்கம் சற்று மஞ்சளாக, மயிர்க்கால் குழிகளோடு இருக்கும். சதைப்பக்கம் வெளுத்து வழவழப்பாக இருக்கும். மயிர்ப்பக்கம் மையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சதைப்பக்கத்தில் அது செதில் செதிலாக உதிரும். அதனால் ஒரே எழுத்தர் ஒரே நாளில் எழுதிய தாளில்கூட ஒரு பக்கம் கன்னங்கரேலென்றும் மறுபக்கம் பாதி அழிந்தும் இருப்பதைக் காணலாம்.

மையின் சரக்கு நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கருப்பு. கூட வேலம்பிசின். எழுதியது 'கலம்', அதாவது நுனி சீவிய நாணல்.

"கூஃபி எழுத்துன்னா கூஃபா ஊர்க்காரங்க எழுத்தா?"

பெயர் அப்படி நிலைத்துவிட்டது, ஆனால் அந்த எழுத்தைக் கூஃபா நகரத்தோடு மட்டும் கட்டிப்போட ஆதாரம் இல்லை. துனீஷியாவின் கெய்ரவான், டமாஸ்கஸ், எகிப்தின் ஃபுஸ்தாத், பாக்தாத் என எங்கும் எழுதினார்கள். பிரெஞ்சு அறிஞர் ஃப்ரான்ஸுவா தெரோஷ் கலீஃபா வம்சமான அப்பாஸியரின் பெயரால் 'தொடக்க அப்பாஸியப் பாணிகள்' என்று பெயர் மாற்றி, எழுத்து வடிவங்களை வைத்து வகை பிரித்தார். ஆராய்ச்சியாளர்கள் இன்று பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். பேச்சுவழக்கில் கூஃபி என்பதில் தவறில்லை. நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

அதற்கும் முந்தையது ஹிஜாஸி, மக்கா மதீனா உள்ள ஹிஜாஸ் பகுதியின் பெயரால் வழங்கும் எழுத்து. நெடிய கோடுகள் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், தாள் நெட்டுவாக்கில் இருக்கும், கை வேகமாக ஓடியது தெரியும். பிறகு அப்பாஸிய காலத்தில் தாள் படுக்கைவாக்கில் திரும்புகிறது. எழுத்துகள் தடித்து, தரையோடு தரையாக நீள்கின்றன. ஏன் படுக்கைவாக்கு என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். அடித்தளக் கோட்டில் எழுத்தை இழுத்து நீட்ட இடம் தருகிறது என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

"புள்ளியே இல்லையே, எப்படி வாசிச்சாங்க?"

அரபியில் பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்றுதான்; புள்ளிதான் வேறுபாடு. பழைய பிரதிகளில் அந்தப் புள்ளிகள் மெல்லிய கீற்றுகளாகச் சில இடங்களில் இருக்கும், பல இடங்களில் இருக்காது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமல் தமிழ் படித்தவர்களை நினைத்துக்கொண்டால் இது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

ஒருமுறை நான் கூஃபித் தாள் ஒன்றின் படத்தைக் காட்டியபோது, பன்னிரண்டு பதின்மூன்று வயது ஹாஃபிழ் பையன் (குர்ஆனை மனப்பாடம் செய்தவன்) ஒருவன் முன்னால் வந்தான். முதலில் ஒன்றும் புரியவில்லை என்றான். இரண்டாவது வரியில் ஒரு சொல்லை விரலால் தொட்டான், உதடு அசைந்தது. அப்புறம் வரி மாறும் இடத்தில்கூட நிற்காமல் பக்கத்தின் கடைசி வரை ஓதிவிட்டான். நான் எத்தனை நிமிடம் விளக்கியிருந்தாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. நெஞ்சில் இருப்பதை நினைவூட்டத்தான் பக்கம்.

"சிவப்பு, பச்சைப் புள்ளி இருக்கே, அது டிசைனா?"

இல்லை, அது உயிரொலி. மதரசாவில் அரபி உயிர்க்குறிகளை ஜபர், ஜேர், பேஷ் என்று படித்தவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். எழுத்துக்கு மேலே சிவப்புப் புள்ளி என்றால் 'அ', கீழே என்றால் 'இ', பக்கவாட்டில் என்றால் 'உ'. புள்ளி இரட்டையாக இருந்தால் 'ன்' ஒலி சேரும். இந்த முறையைத் தொடங்கியவர் பஸ்ராவின் அபுல் அஸ்வத் அத்துஅலீ என்று மரபு சொல்கிறது. இன்று நாம் காணும் சிறு கோடுகள் 8ஆம் நூற்றாண்டில் அல் கலீல் இப்னு அஹ்மத் வகுத்தவையாகக் கருதப்படுகின்றன. அவை வந்த பிறகும் குர்ஆன் பிரதிகளில் வண்ணப் புள்ளிகள் நெடுநாள் நீடித்தன.

வண்ணம் ஏன்? மூலத்தின் கருப்பு எழுத்து வேறு, அதன்மேல் மனிதர் சேர்த்த உதவி வேறு என்று கண் உடனே பிரித்தறிய. ஹம்ஸா (தொண்டையில் நிறுத்தும் ஒலி) போன்ற குறிகளுக்கும் மாற்று ஓதல்முறைகளுக்கும் ஊருக்கு ஊர் பச்சை, மஞ்சள், நீலம் என்று வைத்துக்கொண்டார்கள்.

"சூரா பேர் எழுதின பொன் பட்டை ஆரம்பத்துலேருந்தே உண்டா?"

கிடையாது. மிகப் பழைய பிரதிகளில் ஒரு சூரா (அத்தியாயம்) முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வெற்றிடமோ எளிய நெளிகோடோதான் இருக்கும். அப்பாஸியருக்கு முன் ஆண்ட உமையா வம்சத்தின் காலத்தில் அந்த இடைவெளியில் வண்ணக் கொடிகளும் சங்கிலிகளும் நுழைகின்றன. கலீஃபா அப்துல் மலிக் கட்டிய ஜெருசலேம் பாறைக் குவிமாடத்தின் கண்ணாடிப் பதிவோவியங்களையும் (691–92) இந்தப் பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். பைஸாந்தியத் தொட்டிச் செடிகளும் சாசானியச் சிறகு வடிவங்களும் இரண்டிலும் வருகின்றன.

அதன் பிறகுதான் சூராவின் பெயரும் ஆயத்துகளின் எண்ணிக்கையும் பொன்னில் வருகின்றன. பட்டையின் முனையிலிருந்து ஓரத்துக்கு நீளும் இலைக்கொத்தைக் கவனியுங்கள். தடிமனான புத்தகத்தை வேகமாகப் புரட்டும்போது அது ஓரத்தில் மின்னும். அங்கே புதிய சூரா தொடங்குகிறது என்று அர்த்தம். குர்ஆனோடு வேறு எதையும் கலக்கக் கூடாது என்று தொடக்கத்தில் இந்தச் சேர்க்கைகளை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். முன் பதிலில் சொன்ன வண்ண வேறுபாட்டையே இங்கும் கையாண்டதால், எது மூலம் எது சேர்க்கை என்ற குழப்பம் வரவில்லை.

"ஓரத்துல வட்ட வட்டமா இருக்கறது?"

அது ஆயத்துக் கணக்கு. ஐந்து ஆயத்துக்கு ஒரு குறி, பத்து ஆயத்துக்கு ஒரு வட்டம். ஐந்துக்குப் பல பிரதிகளில் பொன்னால் 'ஹா' எழுத்தையே போட்டிருப்பார்கள், ஏனென்றால் எழுத்துக்கு எண்மதிப்புத் தரும் அப்ஜத் முறையில் ஹாவின் மதிப்பு ஐந்து. பத்தின் வட்டத்துக்குள் எண்ணை எழுத்தாகவோ சொல்லாகவோ எழுதுவதும் உண்டு.

"நீலத் தாள்ல தங்க எழுத்து, அது எந்த ஊர்ல செஞ்சது?"

நீலக் குர்ஆன் படத்தைக் காட்டியதும் கூட்டம் அமைதியாகிவிடும். பிறகு முதல் கேள்வி இதுதான். அவுரி நீலம் ஏறிய தோல், பக்கத்துக்கு 15 வரி, எல்லாம் பொன்னெழுத்து. 9 அல்லது 10ஆம் நூற்றாண்டு என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். ஊர் விஷயத்தில் அப்படி இல்லை. துனீஷியாவின் கெய்ரவான் என்கிறார்கள், பாக்தாத் என்கிறார்கள், ஸ்பெயினின் கோர்டோபா என்றும் சொல்கிறார்கள்.

கெய்ரவானுக்கு ஒரு பலமான சான்று உண்டு. அங்குள்ள பெரிய மசூதி நூலகத்தில் ஹிஜ்ரி 693இல் (1293–94) எடுத்த பட்டியலில், அடர்நிறத் தோலில் கூஃபி எழுத்தில் பொன்னால் எழுதிய ஏழு தொகுதிக் குர்ஆன் ஒன்று வருகிறது. சூராக் குறிகளும் ஆயத்துக் குறிகளும் வெள்ளியில் இருந்ததாகவும் அது சொல்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் காட்டுவது 13ஆம் நூற்றாண்டில் புத்தகம் எங்கே இருந்தது என்பதை மட்டுமே. எங்கே பிறந்தது என்பதை அது சொல்லவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில தாள்களை இஸ்தான்புல்லில் வாங்கிய ஸ்வீடன் நாட்டு எஃப். ஆர். மார்ட்டின், இது ஈரானின் மஷ்ஹதில் உள்ள அப்பாஸிய கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் கல்லறைக்காகச் செய்தது என்று எழுதினார். அதை இன்று யாரும் பெரிதாக ஏற்பதில்லை. என்னைக் கேட்டால், கெய்ரவான் பக்கமே சாய்வேன், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்றைய படங்களில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. ஆயத்துகளைப் பிரித்துக் காட்டிய வெள்ளிப் பூக்கள் காற்றுப்பட்டுக் கறுத்துப்போய் நீலத்தில் கரைந்துவிட்டன. படத்தைச் சாய்த்துப் பிடித்தால் சாம்பல் நிறக் கறைபோலத் தெரியும். செய்த நாளில் இந்தப் பக்கம் நீலம், பொன், வெள்ளி என மூன்று நிறத்தில் மின்னியிருக்கும். பைஸாந்தியப் பேரரசில் ஊதாத் தோலில் பொன்னாலும் வெள்ளியாலும் எழுதும் வழக்கம் இருந்தது. அதற்கு ஈடாக நிற்கும் புத்தகம் இது.

"தங்கத்தைப் பேனாவுல ஊத்தி எழுத முடியுமா?"

முடியும். தங்கத்தை மிக நுண்ணிய பொடியாக்கி, பிசின் நீரில் கலந்தால் பொன்மை. எழுதி உலர்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்தால் மெருகு ஏறும். இன்னொரு வழி, பசையால் எழுதி அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுவது. நீலக் குர்ஆனில் இந்த இரண்டாவது வழி என்றே பலர் கருதுகிறார்கள். ரேக்கின் விளிம்பு பிசிறாக இருக்கும் என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் பழுப்பு மையால் மெல்லிய கோட்டில் சுற்றி வரைந்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் 15 வரி, அத்தனை எழுத்துக்கும் இப்படி!

"ஒரு பக்கத்துக்கு மூணே வரியா? அநியாய வீண் இல்லையா?"

அமாஜூர் குர்ஆனைப் பார்த்தவர்கள் கேட்பது இது. அமாஜூர் 870களில் அப்பாஸியர்களுக்காக டமாஸ்கஸை ஆண்டவர். ஹிஜ்ரி 262இல் (875–76) சூர் நகரத்துக்கு, அதாவது தமிழ் பைபிளில் தீரு என்று வரும் ஊருக்கு, முப்பது பாகங்களாக இந்தக் குர்ஆனை வக்ஃபு (அறக்கொடை) செய்தார். தாள் கையகல உயரம்தான். அதில் மூன்று வரி, சுற்றிலும் வெறுமை.

விலை உயர்ந்த தோலை இப்படி விட்டுவைப்பதே கொடையின் பெருமை என்பது உண்மைதான். ஆனால் அந்த வெறுமையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் வேறொன்றும் புரியும். எழுத்துகள் அங்கே மூச்சுவிடுகின்றன. சில எழுத்துகளைப் பாதி வரிக்கு இழுத்து, அடுத்ததை நெருக்கி, வரிக்கு ஒரு தாளக்கட்டு அமைத்திருக்கிறார் எழுத்தர். நிறுத்தி ஓதுபவருக்கு ஏற்ற பக்கம் அது. இன்னொரு லாபமும் உண்டு: வக்ஃபு எழுதியதால் நமக்கு ஆண்டு தெரிகிறது. அக்காலப் பிரதிகளில் அது அபூர்வம். இதை வைத்துத்தான் தேதியில்லாத பல கூஃபிப் பிரதிகளுக்குக் காலம் கணிக்கிறார்கள்.

"செஞ்சவங்க பேரு தெரியுமா? பொம்பளைங்க யாராவது?"

பெரும்பாலும் தெரியாது. அதனாலேயே 'தாதியின் குர்ஆன்' எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். கெய்ரவானில் ஸீரீ வம்சத்து இளவரசர் அல் முஇஸ்ஸு இப்னு பாதீஸை வளர்த்த தாதி, ஃபாத்திமா என்ற பெண்மணி, ஹிஜ்ரி 410இல் (1020) பெரிய மசூதிக்குக் கொடுத்தது. பெரிய தாள், பக்கத்துக்கு ஐந்தே வரி. நாணலின் ஒவ்வொரு திருப்பமும் கத்திபோல இறங்கும். நிமிர்ந்த கோடுகள் உயர்ந்து, வளைவுகள் வரிக்குக் கீழே பாய்ந்து போகும். கூஃபியின் படுத்த நடை இங்கே எழுந்து நின்றுவிட்டது.

அதன் முடிவுரையை நான் கூட்டங்களில் எப்போதும் வாசித்துக் காட்டுவேன். அலீ இப்னு அஹ்மத் அல் வர்ராக் இதை எழுதினார், உயிர்க்குறி இட்டார், பொன்வேலை செய்தார், புத்தகமாகவும் கட்டினார் என்று அது சொல்கிறது. எல்லாம் ஒரே மனிதர். அடுத்து, இந்த வேலை துர்ரா என்ற எழுத்தர் பெண்ணின் மேற்பார்வையில் நடந்ததாகவும் சொல்கிறது. ஆக, பணம் கொடுத்தது ஒரு பெண், வேலையை நடத்தியது ஒரு பெண். அப்போது இளவரசருக்குப் பன்னிரண்டு வயதுபோல இருக்கும். மை காய்ச்சுவது, பொன்மை செய்வது, புத்தகம் கட்டுவது பற்றிய புகழ்பெற்ற அரபுக் கையேடு ஒன்று பின்னாளில் அவர் பெயரிலேயே வழங்குகிறது. தாதியின் வீட்டில் இந்தப் பக்கங்கள் உருவாகும்போது அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பானோ என்று நினைத்துக்கொள்வது என் ஆசை மட்டுமே. சான்று எதுவும் இல்லை.

"உருவமே வரையலையா? தடையா?"

குர்ஆனில் மனிதரையோ விலங்கையோ வரையவில்லை; இதில் விதிவிலக்கு இல்லை. ஆனால் படமே இல்லை என்று சொல்ல முடியாது. யெமனின் ஸன்ஆவில் கிடைத்த உமையா காலக் குர்ஆன் ஒன்றின் முகப்பில் எதிரெதிரே இரண்டு மசூதிகளை வரைந்திருக்கிறார்கள். வரிசை வரிசையாக வளைவுகள், அவற்றில் தொங்கும் விளக்குகள், மிஹ்ராப் (தொழுகைத் திசை காட்டும் மாடம்), மிம்பர் (உரை மேடை) எல்லாம் அதில் உண்டு, ஆள்தான் இல்லை.

குர்ஆன் அல்லாத நூல்களில் உருவங்கள் தாராளமாக வந்தன. வானியலாளர் அஸ்ஸூஃபியின் விண்மீன் நூலின் பிரதி ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. ஹிஜ்ரி 400ஐச் சேர்ந்தது (1009–10). அதில் ஒவ்வொரு விண்மீன் கூட்டத்தையும் இரண்டு முறை மனித, விலங்கு உருவமாக வரைந்திருக்கிறார்கள். ஒன்று தரையிலிருந்து பார்ப்பதுபோல, மற்றது வான்கோளத்தில் இருப்பதுபோல. நம் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீக வழியாக அரபிக்குப் போய் 'கலீலா வ திம்னா' ஆனதும், 13ஆம் நூற்றாண்டில் சிங்கமும் நரியுமாகப் படங்களோடு வந்ததும் இந்த வரிசையில்தான்.

"காகிதம் வந்ததும் என்ன மாறிச்சு?"

எழுத்து வட்டமானது, தாள் மறுபடி நெட்டுவாக்கில் நிமிர்ந்தது, புத்தகம் சிறுத்தது. பாக்தாத் அலுவலகங்களில் காகிதம் 8ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே புழங்கினாலும், குர்ஆன் எழுதுபவர்கள் தோலை விட மனமின்றி நெடுநாள் தயங்கினார்கள்.

பார்க்க வேண்டிய பிரதி, டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்திலுள்ள இப்னுல் பவ்வாபின் குர்ஆன். பாக்தாத், ஹிஜ்ரி 391 (1000–01). பெயருக்கு 'வாயிற்காவலரின் மகன்' என்று பொருள். கையடக்கமான புத்தகம், தெளிவான, வட்டமான நஸ்க் எழுத்து. இன்றைய ஹாஃபிழ் பையனிடம் கொடுத்தால் தடுமாறாமல் வாசிப்பான். முன்பக்கப் பொன் கட்டங்களுக்குள் உற்றுப் பார்த்தால் எண்கள்! மொத்தச் சூராக்கள், ஆயத்துகள், சொற்கள், எழுத்துகள் எத்தனை என்ற கணக்கைத்தான் அங்கே பூவேலைக்குள் பதித்திருக்கிறார்கள். பிரதியில் ஏதும் விடுபடவில்லை என்பதற்கு உறுதி.

"பர்மிங்காம் குர்ஆன் நபிகள் நாயகம் பிறக்கறதுக்கு முன்னாடியே எழுதினதாமே?"

2015இல் வந்த செய்தியிலிருந்து பிறந்த குழப்பம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலுள்ள இரண்டு ஹிஜாஸித் தாள்களின் தோலைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது 568–645 என்று வந்தது, நிகழ்தகவு 95.4 விழுக்காடு. அது ஒரு வரம்பு. அதற்குள் எந்த ஆண்டாகவும் இருக்கலாம். நபிகள் நாயகம் மறைந்தது 632. அதோடு, சோதனை சொல்வது ஆடு எப்போது இறந்தது என்பதை; நாணல் எப்போது மையைத் தொட்டது என்பதை அது சொல்லாது. எழுத்தமைப்பை மட்டும் வைத்து இன்னும் பிந்திய காலம் சொல்லும் அறிஞர்களும் உண்டு.

இதே கவனம் எதிர்த்திசையிலும் வேண்டும். தாஷ்கண்டிலுள்ள பெரிய குர்ஆனைக் கலீஃபா உஸ்மான் (ரலி) ஓதியது என்று மரபு போற்றுகிறது. மேலே சொன்னபடி எழுத்து, தாள், சூராப் பட்டை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அது அவருக்குப் பிந்திய பிரதி என்றே தெரிகிறது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

"எல்லாமே ஒத்தைத் தாளா சிதறிக் கிடக்கே, ஏன்?"

பழசான வேதத் தாளை எறிய மாட்டார்கள். மசூதியில் ஒரு மூலையில் சேர்த்துவைப்பார்கள். ஸன்ஆ பெரிய மசூதியில் 1972இல் பழுதுபார்க்கும்போது கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைத்தன. ஃபுஸ்தாத்தின் அம்ரு மசூதியில் இருந்தவை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் கைக்குப் போயின. அப்படிப் போன ஒரே குர்ஆனின் எஞ்சிய 98 தாள்களில் இன்று 70 பாரிஸில், 26 செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஒன்று வத்திக்கானில், ஒன்று கலீலி என்ற தனியார் சேகரிப்பில். 20ஆம் நூற்றாண்டில் வியாபாரிகள் முழுப் பிரதிகளையே பிரித்துத் தாள் தாளாக விற்றார்கள். நீலக் குர்ஆனுக்கும் நேர்ந்தது அதுவே.

"ஏலத்துல ஒரு தாள் வந்திருக்கு, வாங்கி வீட்டுல மாட்டலாமா?"

வேண்டாம் என்பதே என் பதில். பணம் இருக்கிறதா என்பது பிரச்சினையே இல்லை. நீங்கள் கொடுக்கும் விலைதான் அடுத்த பிரதியைப் பிரிக்க இன்னொருவருக்குத் தூண்டுதல். யெமனிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் களவுபோன தாள்களும் சந்தையில் உலவுகின்றன. விற்பவர் நீட்டும் ஒரு பக்கக் கடிதத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மாட்டிவைத்தால் வெயில் படும், காற்றின் ஈரம் ஏறி இறங்கும், தோல் நெளியும், சதைப்பக்கத்து மை உதிரும்.

பார்க்கத்தான் ஆசை என்றால் வழி இருக்கிறது. பாரிஸ் தேசிய நூலகம், கேம்பிரிட்ஜ், செஸ்டர் பீட்டி ஆகியவை நல்ல தரத்தில் படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. நேரில் வேண்டுமானால் உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் ராஸா நூலகத்துக்குப் போகலாம். ஹஸ்ரத் அலி (ரலி) எழுதியதாக மரபு சொல்லும் தோல் குர்ஆன் அங்கே இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். போனால் முதலில் தாளின் நிறத்தைப் பார்த்து எது மயிர்ப்பக்கம் என்று கண்டுபிடியுங்கள். அப்புறம் சிவப்புப் புள்ளிகளைத் தேடுங்கள்.